எண்ணூர்ப் புகை உலகத்தைச் சூடாக்குகிறதா, குளிர்விக்கிறதா?

வடசென்னையில் எண்ணூர்ப் பக்கத்து எர்ணாவூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவர் தெருவில் நடந்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இந்த அனல்மின் நிலையப் புகையாலதான் உலகமே சூடாகுது" என்றாராம். அந்த நிலையத்திலேயே காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் இன்னொருவர், "அதெல்லாம் இல்ல, புகை வெயிலை மறைக்குது, குளிர்ச்சிதான் தருது, விஞ்ஞானிகளே சொல்லியிருக்காங்க" என்று மடக்கிவிட்டாராம். கூட்டம் சண்டையில் முடிந்திருக்கிறது. "மாடியில காயப்போட்ட துணி கறுத்துப்போகுது, சின்னப் பையனுக்கு இளைப்பு. இவங்க ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி? புகையை நிறுத்தினா நிஜமாவே வெயில் கூடுமா?" இதுதான் அக்காவின் கேள்வி.

நான் தண்டையார்பேட்டைக்காரன். வளிமண்டல அறிவியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வியை வடசென்னையில் பல விதமாகக் கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பதில். உலகத்தைச் சூடாக்குவது அந்தப் புகைபோக்கியிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத கார்பன் டை ஆக்சைடு. வெயிலைக் கொஞ்சம் மறைப்பது அதே புகைபோக்கியிலிருந்து வரும் கந்தகம். முதலாமவர் பொருளை மாற்றிச் சொல்லிவிட்டார். இரண்டாமவர் சொன்ன தகவல் சரி, ஆனால் கணக்கில் பாதியை விட்டுவிட்டார். அந்த விட்டுப்போன பாதிதான் உங்களுக்கு முக்கியம்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் வடக்கே பார்த்து நின்றால் அத்திப்பட்டுப் பக்கம் இரண்டு வகைக் கோபுரம் தெரியும். குண்டாக, இடுப்பு ஒடுங்கி, உச்சியிலிருந்து வெள்ளை வெளேரென்று பொங்குகிறதே, அதைத்தான் எல்லாரும் போட்டோ எடுத்து "பாருங்க எவ்வளவு புகை" என்று அனுப்புகிறார்கள். அது புகையே இல்லை. குளிர்விக்கும் கோபுரம், வெளியே வருவது நீராவி. நிலக்கரி எரிந்த காற்று வருவது பக்கத்தில் ஒல்லியாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கியில். 500 மெகாவாட் அலகு என்றால் 275 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. சாம்பலைப் பிடிக்கும் கருவி ஒழுங்காக ஓடும் நாளில் அதன் உச்சியில் பெரிதாக எதுவும் தெரியாது. தெரியாததால் ஒன்றும் வரவில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

என்ன வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கடினமில்லை. எண்ணூர்ப் பக்கத்து வல்லூரில் இருப்பது 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம். அந்த அளவு நிலையம் ஒரு நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 3.6 கோடி யூனிட் மின்சாரம். நம்மூர் நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 650 கிராம் கரி எரிய வேண்டும், அதாவது நாளொன்றுக்கு 23,000 டன்னுக்கு மேல். ஒரு யூனிட்டுக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஆக ஒரு நாளில் 35,000 டன் பக்கம். எரித்த கரியைவிட வெளியே வரும் வாயுவின் எடை அதிகமாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். கரியில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த எடைதான் கூடுகிறது. கந்தகத்துக்கு வருவோம். கரியில் அது அரை சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பிடிக்காமல் விடும் பட்சத்தில் நாளொன்றுக்கு 200 டன்னுக்கு மேல் சல்பர் டை ஆக்சைடு.

மாடியில் படியும் கறுப்புத் தூசி இந்த இரண்டிலும் சேராது. அது கரி இறக்கும் இடத்திலிருந்தும், கன்வேயரிலிருந்தும், காய்ந்த சாம்பல் குட்டையிலிருந்தும், மணலி சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளிலிருந்தும் வருவது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிய துகள் சீக்கிரமே கீழே விழுந்துவிடும். உலகத்தின் வெப்பத்தை ஏற்றவோ இறக்கவோ அதற்கு நேரமில்லை. பையனின் நுரையீரலுக்குள் ஆழமாகப் போவது 2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அது துணியில் தெரியாது. துணி வெளுப்பாக இருக்கிற நாளிலும் காற்று மோசமாக இருக்கலாம்.

சரி, கந்தகம் எப்படி வெயிலை மறைக்கிறது? புகைபோக்கியை விட்டு வெளியே வந்த சல்பர் டை ஆக்சைடு சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் கந்தக அமிலமாக மாறி, காற்றில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்து சல்பேட் என்ற நுண்துகளாகிறது. அந்தத் துகளின் அளவு ஒளியின் அலைநீளத்துக்குக் கிட்டத்தட்ட சமம். அதனால் சூரிய ஒளியை நன்றாகச் சிதறடிக்கும். ஒரு பகுதியைத் திரும்ப விண்ணுக்கே அனுப்பிவிடும். மார்கழி, தை மாதங்களில் மழை இல்லாத நாளிலும் வானம் நீலமாக இல்லாமல் பால் கலந்தது போல வெளிறிக் கிடப்பதற்கு இந்த வகைத் துகள்களும் ஒரு காரணம். மேகங்களையும் இவை மாற்றுகின்றன. துளிகள் சிறிதாகவும் நிறையவும் உருவாவதால் மேகம் இன்னும் வெளுப்பாகி, அதிக ஒளியைத் திருப்புகிறது.

இது குளிர்விக்கும் என்பதை 1991-ல் உலகமே நேராகப் பார்த்தது. பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்து ஒன்றரை, இரண்டு கோடி டன் சல்பர் டை ஆக்சைடை வெகு உயரத்துக்கு வீசியது. அடுத்த ஓரிரு ஆண்டுகள் உலகச் சராசரி வெப்பம் அரை டிகிரி அளவுக்கு இறங்கியது. அப்புறம் துகள்கள் இறங்கின, வெப்பம் பழையபடி ஏறியது.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் கணக்கைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2010-2019 பத்தாண்டில் மனிதர்களால் ஏறிய வெப்பம் சுமார் 1.07 டிகிரி. ஆனால் கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் மட்டும் ஏற்றியது 1 முதல் 2 டிகிரி வரை. நடுவில் கழிந்த பங்கு, பூஜ்யத்திலிருந்து 0.8 டிகிரி வரை, பெரும்பாலும் துகள்களால் மறைக்கப்பட்டது. இந்தியாவில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி 1901-லிருந்து 2018 வரை நம் நாட்டின் சராசரி வெப்பம் ஏறியது சுமார் 0.7 டிகிரிதான். வாயுக்கள் ஏற்றிய வெப்பத்தில் ஒரு பகுதியைத் துகள்கள் ஈடுகட்டியிருக்கின்றன என்று அந்த அறிக்கையே சொல்கிறது. ஆக, காண்ட்ராக்ட் தம்பி சொன்னது பொய்ச் செய்தி இல்லை.

நம் ஊரை வைத்தே இதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. பலருக்குத் தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. "இது காலநிலை மாற்றம்தான்" என்று அன்று எல்லா மேடையிலும் பேசினார்கள். ஆனால் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு பழைய மழைப் பதிவுகளையும் கணினி மாதிரிகளையும் வைத்துப் பார்த்து அடுத்த ஆண்டே வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. அந்த ஒரு நாள் பெருமழையில் புவி வெப்பமாதலின் விளைவைக் கண்டறிய முடியவில்லை. வாயுக்களின் விளைவை அதுவரை துகள்கள் எதிர்த்து நின்றதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

இந்த முடிவைச் சிலர் கையில் எடுத்துக்கொண்டு "பார்த்தீர்களா, காலநிலை மாற்றமே இல்லை" என்கிறார்கள். வேறு சிலர் இதை வெளியே சொல்லவே தயங்குகிறார்கள், இயக்கத்துக்குப் பாதகமாகிவிடும் என்று. இரண்டுமே எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த முடிவில் அடங்கியிருப்பது எச்சரிக்கை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். இது இயற்பியல், மாறாது. அந்தக் கூடுதல் மழை இன்னும் முழுதாக வெளியே வராமல் ஒரு மறைப்பு இருக்கிறது, அந்த மறைப்பு நிலையானதில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

ஏன் நிலையானதில்லை? சல்பேட் துகள் காற்றில் ஒரு வாரம், பத்து நாள்தான் நிற்கும். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். கார்பன் டை ஆக்சைடு அப்படி இல்லை. நாம் விடுவதில் பாதியைக் கடலும் மரங்களும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன, மீதிப் பாதி காற்றிலேயே சேர்கிறது. அதில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே இருக்கும். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் 280 பங்கு. 1958-ல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 சொச்சம். இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடப்பட்டது. அது விட்ட கந்தகத்தில் ஒரு துகள்கூட இன்று வானத்தில் இல்லை. அது விட்ட கார்பன் டை ஆக்சைடில் பெரும் பங்கு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கீற்றுப் பந்தல் போட்டு வெயிலை மறைத்துக்கொண்டு, பந்தலுக்குக் கீழே நாளுக்கு ஒரு அடுப்பாக மூட்டிக்கொண்டே போவது மாதிரி இது. அடுப்புகள் அணையாது, பந்தலையோ வாரத்துக்கு ஒரு தடவை புதிதாகக் கட்ட வேண்டும். அதே நிழல் வேண்டுமானால் அதே அளவு கந்தகத்தை எந்நாளும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காற்றைத்தான் எர்ணாவூர்ப் பிள்ளைகள் சுவாசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், துகள் மறைப்பது பகல் வெயிலை மட்டும். கார்பன் டை ஆக்சைடு தடுப்பது பூமியிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிரை. அது ராத்திரியும் பகலும் நடக்கும். அந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சும் என்பதை இயற்பியலாளர் ஜான் டிண்டால் 1859-லேயே ஆய்வகத்தில் அளந்துவிட்டார், இது நேற்று வந்த கருத்து இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கும் தகரக் கூரைக்குக் கீழே புழுங்கிக்கொண்டு படுத்திருப்பவருக்குப் பகல் புகையின் நிழலால் எந்த ஆறுதலும் கிடையாது.

மழைக்கும் இந்தத் துகள்கள் நல்லது செய்யவில்லை. 1999-ல் நம் காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சனோடு சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய ஆய்வை நடத்தினார். விமானம், கப்பல், மாலத்தீவில் நிலையம் என்று அளந்ததில், தெற்காசியாவிலிருந்து கிளம்பிய மாசுப் படலம் சுமார் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை கடல் மேல் பரவிக் கிடப்பது தெரிந்தது. கடற்பரப்புக்கு வந்து சேரும் வெயில் குறைந்திருந்தது. வெயில் குறைந்தால் ஆவியாவது குறையும். நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறைந்தால் பருவக்காற்றின் இழுப்பும் தளரும். 1951-லிருந்து 2015 வரை இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை 6 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. துகள்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அமைச்சக அறிக்கை சொல்கிறது. பூண்டிக்குக் கிருஷ்ணா தண்ணீர் வருவதும் அந்தப் பருவமழையை நம்பித்தான்.

எல்லாத் துகளும் குளிர்விக்கும் என்பதும் சரியில்லை. டீசல் லாரி கக்கும் கரும்புகை, குப்பை எரிக்கும் புகை, போகியன்று கொளுத்தும் டயர்ப் புகை, இவற்றில் இருக்கும் கருங்கரித் துகள் வெயிலைத் திருப்பி அனுப்பாது, உறிஞ்சிக்கொள்ளும். தரைக்கு நிழல், ஆனால் அந்தக் காற்றே சூடாகிறது. இதைக் குறைத்தால் நுரையீரலுக்கும் நல்லது, வெப்பத்துக்கும் நல்லது. கொடுங்கையூர்க் குப்பைமேடு பற்றி எரியாமல் பார்த்துக்கொள்வதும், துறைமுக லாரிகளை எஞ்சினை ஓடவிட்டபடி மணிக்கணக்கில் நிற்கவைக்காமல் இருப்பதும் தயக்கமே இல்லாமல் செய்யலாம்.

இப்போது உங்கள் நேர்க் கேள்வி: புகையை நிறுத்தினால் வெயில் கூடுமா? உங்கள் தெருவில் உணரும் அளவுக்குக் கூடாது. ஒரு நிலையத்தின் கந்தகம் பரந்து போய்ப் பெரிய பரப்பில் துளித்துளியாக நிழல் தருவது. அதைப் பிடித்துவிட்டால் எர்ணாவூர் வெயிலில் வித்தியாசத்தை யாரும் சொல்ல முடியாது. காற்றில் வித்தியாசம் தெரியும். ஆனால் உலகம் முழுக்க எல்லாரும் கந்தகத்தைக் குறைத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காமல் விட்டால், மறைந்திருக்கும் வெப்பம் வெளியே வரும். இது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2020 ஜனவரி முதல் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக உலகம் முழுக்கக் குறைத்தார்கள். காசிமேட்டிலிருந்து பார்க்கும்போது நங்கூரமிட்டு நிற்கின்றனவே, அந்தக் கப்பல்களுக்கும் இதுதான் விதி. கப்பல் பாதை நெடுகக் கடல் மேகங்களில் தெரியும் வெள்ளைக் கோடுகள் அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தன. அந்தக் கடற்பரப்பு அந்த அளவுக்குக் கூடுதல் வெயிலை வாங்குகிறது. ஆகவே கந்தகத்தையும் கார்பனையும் ஒன்றாகக் குறைக்க வேண்டும். கந்தகத்தை மட்டும் பிடித்துவிட்டுக் கரியை முன்போலவே எரிப்பதும், கார்பனைக் காரணம் காட்டிக் கந்தகத்தைப் பிடிக்காமல் இருப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம்.

பையனுக்காக ஒன்று. உங்கள் வீடு கடலோரம், மணலி உங்களுக்கு மேற்கே. வெயில் காலத்தில் மதியம் கடற்காற்று ஏறிவிட்டால் உங்களுக்கு நல்ல காற்று. அந்த நேரத்தில் ஆலைகளின் புகை உள்நாட்டுப் பக்கம் போகிறது. சில சமயம் உயரமான புகைபோக்கியின் புகைகூடக் கரையில் யாரையும் தொடாமல் போய், சில கிலோமீட்டர் தள்ளிச் சூடான தரையின் மேல் காற்று கலங்கும் இடத்தில் மொத்தமாகக் கீழே இறங்கும். அதனால்தான் புகைபோக்கியே கண்ணில் படாத ஊரில் கண் எரிகிறது. ராத்திரி நிலக்காற்று வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழ்: மணலிப் பக்கத்து வாடை உங்கள் பக்கம் வரும். மார்கழி, தையில் தரை குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடுவதால் விடியற்காலையில் எல்லாம் கீழேயே தேங்கும். அந்த மாதங்களில் ராத்திரியிலிருந்து காலை எட்டு, ஒன்பது மணி வரை மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்தி வையுங்கள். அதிகாலை விளையாட்டுப் பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள். இளைப்புக்கு மருத்துவர் சொன்ன மருந்தை நிறுத்த வேண்டாம்.

கூட்டத்தில் இன்னொன்றும் வந்திருக்கும், எங்கள் பக்கம் எந்தக் கூட்டத்திலும் வராமல் போகாது: கடல் வீடுகளைக் கொண்டுபோனது. அதையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்ததற்கு முதல் காரணம் துறைமுகம். கரையோரம் வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தடுத்து நிற்கிறது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே கரை கரைந்தது. ஏறும் கடல் மட்டம் அதன் மேல் இனி கூடுதல் சுமையாக வரும். காரணத்தைச் சரியாகச் சொன்னால்தான் யாரிடம் என்ன கேட்பது என்பது தெரியும். எல்லாவற்றையும் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிட்டால் பொறுப்பேற்க வேண்டியவர்கள் எளிதாக நழுவிவிடுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு கேள்வி எடுத்துக்கொண்டு போங்கள். கந்தகத்தைப் பிடிக்கும் எஃப்.ஜி.டி. கருவி பொருத்த வேண்டும் என்ற விதி 2015 டிசம்பரில் வந்தது. கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளினார்கள், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு அந்த விலக்கு கிடையாது. ஆகவே நம் பக்கத்து ஒவ்வொரு நிலையமும் எந்தப் பிரிவில் வருகிறது, கருவி ஓடுகிறதா, புகைபோக்கியில் அளக்கும் சல்பர் டை ஆக்சைடு அளவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, ஆண்டுக்கு எத்தனை டன் கரி எரிகிறது, அது எந்த ஆண்டிலிருந்து குறையும் என்று கேளுங்கள்.

அந்தக் காண்ட்ராக்ட் தம்பியையும் கூடவே கூட்டிப்போங்கள். கரி எத்தனை வண்டி இறங்குகிறது, எந்த நாளில் எந்தக் கருவி நிற்கிறது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நம் எல்லாரையும்விட அந்தக் காற்றை அதிகம் சுவாசிப்பவரும் அவர்தான்.